மாதிரி ஆற்றில் மூன்று குடம் நஷ்டம்

"மேல்மடைக்காரனுக்கு வாய்க்கால், கடைமடைக்காரனுக்கு..." என்று வையாபுரியின் பெரியப்பா ஊர்க்கூட்டத்தில் ஆரம்பிப்பார். மிச்சம் என்னவென்று வையாபுரிக்கு ஞாபகமில்லை. மந்தங்குடியில் கடைமடை வயல் அவனுடையது. அந்த வருஷம் நெல் பால் பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் வறண்டு, வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

விசாரிக்க வந்த பாசன அதிகாரி, "ஆத்தையும் வாய்க்காலையும் சின்னதா மண்ணுல செஞ்சு, தண்ணி விட்டுப் பாருங்க. எங்க நஷ்டமாகுதோ அங்க அடைங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மந்தங்குடிக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் அந்த ஊரைப் பிடித்த சனி. வையாபுரி வயலை ஒட்டிய மேட்டிலேயே மண்ணால் ஓர் ஆறு செய்து, மதகும் வாய்க்காலும் வைத்தார்கள். கடைமடையில் உள்ளங்கை அகலத்துக்கு வையாபுரிக்கும் ஒரு வயல். ஆற்றுத் தண்ணீர்தான் விடவேண்டும் என்று நாட்டாமை தாண்டவராயர் கறாராகச் சொன்னதால், ஊரே குடம் குடமாகச் சுமந்து வந்தது, காய்ந்த வயலுக்குக் குறுக்கே, வெடிப்புகளைத் தாண்டித் தாண்டி. பயிருக்கு ஒரு குடம் ஊற்றச் சொல்லி வையாபுரி கேட்கவில்லை. அவனும் அதே ஊர்தானே. ஒரு குடத்தைச் சுமந்துகொண்டிருந்தான்.

தினம் தலைமதகில் பத்துக் குடம் ஊற்றினார்கள். கடைமடையில் அளந்தால் ஏழுதான். மதகுக்குள் திருடன் ஒளிந்திருக்கிறானா என்று ஒருவர் மண்டியிட்டுப் பார்த்தார். ஆறாம் நாள் குடம் சுமந்தவர்களில் ஒருவனான கோணமுத்து கண்டுபிடித்தான். மேட்டிலிருந்து கசிந்த தண்ணீர் வையாபுரி வயலின் ஒரு மூலையை நனைத்திருந்தது. அங்கே மட்டும் நெல் பச்சையாய் நிமிர்ந்து நின்றது.

கூட்டம் கூடியது.

"வையாபுரி, நஷ்டம் உன் வயல்லதான் கெடக்கு" என்றார் தாண்டவராயர்.

"நான் எடுக்கலை மாமா. அதுவா வந்துச்சு."

"அதுவா வந்தா நஷ்டம் இல்லேன்னு ஆயிருமா?"

"அந்த மூலையாச்சும் பொழைச்சிருக்கே மாமா."

"பயிர் பொழைச்சாப் போதுமாடா? ஆறு ஒழுகுதே" என்றான் கோணமுத்து. எல்லோரும் துக்கத்தோடு தலையாட்டினார்கள்.

இனிமேல் ஒழுகாமலிருக்க ஆற்றுக்கடியில் தார்ப்பாய் விரிப்பதென்று தீர்மானமாயிற்று. ஏற்கெனவே ஒழுகியதற்கு என்ன வழி என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் வையாபுரியைப் பார்த்தார்கள். வையாபுரி அந்தப் பச்சை மூலையை வெகுநேரம் பார்த்தான்.

அந்த மூலையிலேயே பயிரைப் பிடுங்கிப்போட்டுக் குழி தோண்டி, ஊறுகிற தண்ணீரை மாதிரி ஆற்றின் தலைமதகுக்கே திருப்பி இறைத்து ஊற்றுவதென்று அவன் முடிவு செய்தான்.