பின்வாசலுக்கு வந்த பஞ்சு

விளக்கு வைத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். பின்கதவில் அந்தச் சத்தம் மறுபடியும் கேட்டது. க்ரக், க்ரக். யாரோ நகத்தால் மரத்தைச் சுரண்டுவது போல. பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு.

மிருணாளினி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். கணவன் தூத்துக்குடியில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. போய்த் தாழ்ப்பாள் போடக்கூடக் கால் வரவில்லை.

நாலாம் நாள் காலை குடியிருப்போர் சங்க அறைக்குப் போனாள். கையில் பத்தொன்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்ட மனு.

"பதினோராம் வீட்டு சேவியர் அண்ணனோட நாய்தான். ஜன்னல் வழியா பார்த்தேன். அது போகணும். இல்லைன்னா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்."

சங்கச் செயலாளர் பர்கத் நிஷாவுக்கு முப்பத்தொரு வயது. வீட்டிலிருந்தே ரவிக்கை தைப்பவள். அடுத்த மாதம் அவள் இடத்துக்கு வரப்போகிற சதாசிவம், ஓய்வுபெற்ற தாசில்தார். வேலை பழக வந்தவர், மகள் வயதுக்காரியைக் 'குருவம்மா' என்பார். கேலியாகத்தான் தொடங்கியது. இப்போது பாதிதான் கேலி.

"குருவம்மா, நாய்க்கு ஏழு விதி எழுதிட்டேன். முதல் விதி, சங்கிலி. ஏழாவது, வெளியேற்றம்."

"நடுவுல அஞ்சு?"

"அதுவும் சங்கிலிதான். வேற வேற நீளம்."

"சேவியர் என்ன சொல்றார்?"

"நாய் போனா அவரும் வீட்டை வித்துட்டுப் போயிடுவாராம். ஒண்ணு கேக்கணும். புகார்னு வந்தா முதல்ல யார் வீட்டுக்குப் போகணும்? நாய் வச்சிருக்கிறவர் வீட்டுக்கா, பயந்தவங்க வீட்டுக்கா?"

"டீ நல்லா இருக்கிற வீட்டுக்கு," என்ற பர்கத், மிருணாளினி பக்கம் திரும்பினாள். "சாயங்காலம் வரட்டுமா? சார், ஃபைல் வேண்டாம்."

வந்தார்கள். டீ குடித்தார்கள். ஏழரை மணிக்கு மிருணாளினி குழந்தையை இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டினாள். துப்பினான். மறுபடி ஊட்டினாள். மறுபடியும் துப்பினான்.

"பல்லு முளைச்சதுலேருந்து இப்படித்தான். யாரு கண்ணு பட்டுச்சோ."

கிண்ணத்திலிருந்து ஒரு பிடி சோற்றை உருட்டி, குழந்தையின் தலையை மூன்று முறை சுற்றினாள். பின்கதவைத் திறந்து படியில் போட்டாள். கையைப் பின்னால் விட்டுக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, திரும்பாமலே நடந்து வந்தாள்.

"தாழ்ப்பாள் போடலையே," என்றார் சதாசிவம்.

"சுத்திப் போட்டா திரும்பிப் பார்க்கக் கூடாது அங்கிள். கொஞ்ச நேரம் கழிச்சுப் போடுவேன்."

அந்தக் கொஞ்ச நேரம் வருவதற்குள், க்ரக், க்ரக்.

மிருணாளினி கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. பர்கத் எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். படியில் கன்றுக்குட்டி உயரத்துக்கு ஒரு கறுப்பு நாய். பெயர் பஞ்சு. படியில் ஒரு பருக்கை இல்லை, கழுவிவிட்டது போல் இருந்தது. உள்ளே இத்தனை பேரைப் பார்த்ததும் அது மரியாதையாக உட்கார்ந்து பெருமூச்சு விட்டது.

"திரும்பிப் பாரு மிருணா."

"பார்த்தா திருஷ்டி திரும்பி வந்துடும்கா."

"உன் பிள்ளை அரை நிமிஷமா பார்த்துக்கிட்டுத்தானே இருக்கான்."

ஆமாம். அவள் தோளுக்கு மேலாக நாயையே பார்த்துக்கொண்டிருந்தான், வாயைப் பிளந்தபடி. அவள் யோசிக்கவில்லை, கை தானாகப் போய் ஒரு வாய் சோற்றை உள்ளே வைத்தது. விழுங்கினான். இன்னொரு வாய். அதையும் விழுங்கினான்.

மெல்லத் திரும்பினாள். பஞ்சு அவளைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தது.

"நாலு நாளா நானே பந்தி வச்சிருக்கேன்," என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. சங்கத்தில் இன்னும் கொடுக்காமல் வைத்திருந்த மனுவை எடுத்து நாலாக மடித்து, டீப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள். "சேவியர் அண்ணன்கிட்டச் சொல்லுங்க. நாளையிலேருந்து ஏழரைக்கு முன்வாசலுக்குக் கூட்டிட்டு வரட்டும். சங்கிலியோட. இவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் போகக் கூடாது."

புறப்படும்போது சதாசிவம் பின்வாசல் படியில் நின்றார்.

"குருவம்மா, காலையில கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை. முதல்ல யார் வீட்டுக்குப் போகணும்?"

"நாய் போற வீட்டுக்கு சார்."

பஞ்சு முன்னால் நடக்க, இருவரும் பின்னால் போனார்கள். அந்த வால் சந்து திரும்பும்வரை மிருணாளினி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.