சுறாவின் வாய்க்கட்டு

கடலுக்கு யார் உப்புப் போட்டார்கள் என்று மனிதர்கள் கேட்கத் தொடங்காத காலம் அது. நெடுந்துறை என்ற ஊரில் ஒரு ராஜா இருந்தார். ராஜா கதைக்கு அழகு, அவ்வளவுதான். நமக்கு வேண்டியவர் அதே ஊரில் சுறாவுக்கு வாய் கட்டிக்கொண்டிருந்த மாநாகன்.

நெடுந்துறைக்காரர்கள் கடலில் மூழ்கி முத்துச் சிப்பி எடுத்துப் பிழைத்தார்கள். சிப்பி படர்ந்து கிடக்கும் கடலடித் திட்டை ‘பார்’ என்பார்கள். காலையில் தோணிகள் கிளம்பும்போது மாநாகன் கரையில் நின்று மந்திரம் சொல்லி, பனைநார்க் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடுவார். உடனே சுறாக்களுக்கு வாய் கட்டிக்கொள்ளும். விரலளவு மீனுக்கு மேல் எதுவும் உள்ளே போகாது. பொழுது சாய்ந்ததும் முடிச்சை அவிழ்த்துவிடுவார். பகல் மனிதனுக்கு, இரவு சுறாவுக்கு. அவருடைய பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து அப்படித்தான் நடந்துவந்தது.

ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் மேற்கே மேகம் கறுத்தது. மழைக்கு முன் வீடு போய்ச் சேரும் அவசரத்தில், மாநாகன் முடிச்சை அவிழ்த்துவிட்டு நடந்தார். அவருடைய மருமகன் சேந்தன் அப்போதும் தண்ணீருக்குள் இருந்தான். தோணியில் இருந்தவர்கள் இழுத்தபோது அவன் இடுப்பில் கட்டியிருந்த கயிறு மட்டும்தான் வந்தது.

மகள் கொற்றி அழுது ஓய்ந்தாள். மறுபடி தோணிகள் கிளம்பிய அன்று, அப்பா முடிச்சுப் போட்டதும் கையை நீட்டினாள்.

“கயித்த எங்கிட்டத் தாங்கப்பா. இனி அத ஒருநாளும் அவுக்காதீய.”

அவர் மறுக்கவில்லை. கொடுத்துவிட்டார். கொற்றி அந்தக் கயிற்றை அரிசிப் பானையின் அடியில் வைத்து, மேலே அரிசியைக் கொட்டி மூடினாள்.

இனி இரவிலும் சுறாப் பயம் இல்லை என்று ஊருக்கு ஒரே கொண்டாட்டம். முத்துக் குளிப்பவர்கள் மீன் கொண்டுவந்து கொடுத்தார்கள். வியாபாரிகள் வேட்டி கொடுத்தார்கள். ராஜா ஒரு குடை அனுப்பினார், அதுவும் மழைக்காலம் முடிந்த பிறகு.

அப்புறம் திருக்கை மீன் பெருகியது. வலை போட்ட இடமெல்லாம் திருக்கை. ஊரே குழம்பு வைத்துச் சாப்பிட்டது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்து, மூழ்கியவர்கள் வெறுங்கையோடு ஏறினார்கள். அதற்கும் அடுத்து, கண்ணாடியாக இருந்த தண்ணீர் கலங்கத் தொடங்கியது.

“பெரியவரே, கீழ ஓடுதான் கெடக்கு. உசிரோட ஒரு சிப்பி இல்ல” என்றார்கள் முத்துக் குளிப்பவர்கள்.

வியாபாரிகள் இது திருட்டு என்றார்கள். ராஜா கடற்கரையில் காவல் போட்டார். காவலர்கள் காற்று வாங்கியதுதான் மிச்சம். கொற்றியின் பானையிலும் அரிசி இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் மாநாகன் தானே தோணி ஏறினார். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த வேல?” என்று தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. மூழ்குவதற்குப் பாரமான கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

முதல் தடவை இறங்கியபோது நொறுங்கிய ஓடுகளைப் பார்த்தார். சிப்பிகளின் இடுக்கில் குடியிருந்த நண்டும் குஞ்சு மீனும் இடம் போனதால் எங்கோ போயிருந்தன. தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள பொடிப் பாசியைத் தின்று தெளியவிடுவது சிப்பி. அது போனதும் தண்ணீர் கலங்காமல் என்ன செய்யும்?

இரண்டாம் தடவை இறங்கியபோது திருடனைப் பார்த்தார். ஒரு திருக்கைக் கூட்டம் மிச்சமிருந்த சிப்பிகளைக் கடித்து நொறுக்கி, சதையைத் தின்று ஓட்டைத் துப்பிக்கொண்டிருந்தது.

மூன்றாம் தடவை இறங்கியபோது சுறாவைப் பார்த்தார். வயிறு ஒட்டிப்போய், மணலோடு மணலாக நீந்தியது. திருக்கை அதன் மூக்கை உரசிக்கொண்டு போனது. சுறா வாயைத் திறக்கப் பார்த்தது, முடியவில்லை. மாநாகனுக்குப் புரிந்தது. திருக்கையைத் தின்று பாரைக் காத்த வாயை அல்லவா அவர் கட்டிவைத்திருந்தார்!

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மகளிடம் சொன்னார்.

கொற்றியின் முகம் இறுகியது. “பார் போனா போகட்டும். அவரத் தின்ன வாய நான் தெறக்கணுமா?”

‘ஊர் பட்டினி கிடக்கிறது’ என்று சொல்லியிருக்கலாம். ‘ராஜாவின் கட்டளை’ என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் ஒன்றைச் சொன்னால் அவள் வாயை அடைத்துவிடலாம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வேறு ஒன்றைச் சொன்னார்.

“சுறா மேல குத்தமில்ல, தாயி. அது அதோட நேரத்துக்குத்தான் வந்துச்சு. எல்லாரும் ஏறியாச்சான்னு நான் பாக்கல. மழைக்குப் பயந்து அவுத்துட்டு வந்துட்டேன். தப்பு என்னுது. அத மறைக்கத்தான், நீ கேட்டதும் கயித்தக் குடுத்தேன்.”

கொற்றி அப்பாவை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து பானையைத் திறந்தாள். கயிற்றைத் தோண்டி எடுக்க வேண்டியிருக்கவில்லை. பானையின் அடியில் ஒரு பிடி அரிசிதான் இருந்தது, அதற்கு நடுவே கயிறு வெளியே தெரிந்தது.

அவளே கரைக்குப் போனாள். அவளே அவிழ்த்தாள்.

பார் ஒரே நாளில் திரும்பிவிடவில்லை. கதை என்பதற்காக அப்படிப் புளுக முடியாது. சுறா தேறியது, திருக்கை குறைந்தது. பழைய ஓடுகளின் மேல் குஞ்சுச் சிப்பிகள் ஒட்டின. அவை வளரும்வரை ஊர் கஞ்சி குடித்துக் காத்திருந்தது.

அதன்பின் காலையில் மாநாகன் கட்டுவார், மாலையில் கொற்றி அவிழ்ப்பாள். அவிழ்ப்பதற்கு முன் கடலைப் பார்த்துக் குரல் கொடுப்பாள்.

“எல்லாரும் ஏறியாச்சா?”

மூன்று தடவை கேட்பாள். மூன்று தடவையும் எல்லாத் தோணிகளிலிருந்தும் பதில் வந்த பிறகுதான் அவள் கை முடிச்சுக்குப் போகும்.

நாம் கவனிக்கத் தவறியதற்குக் கடலின் உயிரைத் தண்டித்தால், அந்த உயிர் காத்துவந்த நம் சோறும் சேர்ந்தே போகும்.