‘ஆம்’ என்று டிக் போட்ட இசக்கியம்மாள்

இந்தக் கதையை நான் பல வருடங்கள் நம்பவில்லை. இப்படி ஒருத்தி இருக்கவே முடியாது என்று நினைத்தேன். இப்போது நம்புகிறேன், ஆனால் எனக்குச் சொன்னவர் சொன்ன விதத்தில் அல்ல. கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே ஞானதீபம் மேட்ரன்; நூற்றுப் பத்து நர்சுகளுக்கு டியூட்டி போடுகிறவர். அவருக்குக் கீழே குழந்தைகள் வார்டில் இசக்கியம்மாள் என்றொரு நர்ஸ். வேலையில் படுசுத்தம், வாயில் மட்டும் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர், இதயக் கோளாறுள்ள கைக்குழந்தைக்கு ஊசி மருந்து எழுதினார். அளவு பத்து மடங்கு கூடியிருந்தது. இசக்கி ஊசியைத் தொடவில்லை.

“நீ டாக்டரா, நான் டாக்டரா?”

“நீங்கதான் சார் டாக்டர். அப்போ நீங்களே போடுங்க” என்று ட்ரேயை அவர் முன்னால் நீட்டினாள்.

குழந்தையின் தகப்பன் பார்த்துக்கொண்டு நின்றார். டாக்டர் மருந்துச் சீட்டை மறுபடி படித்தார். அளவை அடித்தார், சரியானதை எழுதினார், பக்கத்தில் கையெழுத்தும் போட்டார். குழந்தை தப்பியது. இசக்கி தப்பவில்லை.

நோயாளி வீட்டார் முன்னால் டாக்டரை எதிர்த்தவளை வேலையை விட்டு நீக்கு என்றது நிர்வாகம். ஞானதீபம் மன்றாடி அதைத் தடுத்தார். பதிலுக்கு, அந்த ஆஸ்பத்திரி வழக்கப்படி அவளைக் காஸ் அறைக்கு அனுப்பினார். அங்கே போனவள் நோயாளியைத் தொடக் கூடாது. காயத்துக்கு வைக்கும் காஸ் துணியை வெட்டி, மடித்து, அடுக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும், அது தண்டனை என்று. இருபத்தொரு நாள்.

தண்டனைப் பதிவேட்டில் பெயர், தேதி, தண்டனை, காரணம் என நான்கு கட்டங்கள். ஞானதீபம் அதைத் திறக்கவே இல்லை. டியூட்டி சார்ட்டில் ‘காஸ் அறையில் பயிற்சி’ என்று குறித்ததோடு சரி.

“எழுதினா ஆயுசுக்கும் உன் கூடவே வரும்ட்டி. நான் எழுதல. நீயும் இதை எங்கேயும் பேசப்பிடாது. வாக்குக் குடு.”

“சரி மேடம். பேசல.”

நான்கு வருடம் ஓடியது. குளிர்நாடு ஒன்றில் நர்ஸாகப் போக, அங்கே நர்சுகளைப் பதிவு செய்யும் நர்சிங் கவுன்சிலுக்கு இசக்கி விண்ணப்பம் போட்டாள். ஆங்கிலத் தேர்வை மூன்றாம் முறை எழுதித்தான் தேறியிருந்தாள். அந்தத் தேர்ச்சி காலாவதியாக இரண்டே மாதம் பாக்கி. விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: ‘உங்கள் மீது எப்போதாவது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டதா?’

“இல்லைன்னு டிக் போடுங்க சிஸ்டர். ஆம்னு போட்டவங்க யாரும் பிளேன் ஏறினதில்ல” என்றார் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்.

இசக்கி ஆம் என்று டிக் போட்டாள். கீழே ஐந்து வரியில் நடந்ததையும் எழுதினாள்.

அதே கேள்வியைக் கவுன்சில், அவள் கையில் கொடுக்காமல், நேராக மேட்ரனுக்கும் அனுப்பியிருந்தது. ஞானதீபம் இல்லை என்று டிக் போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்லது செய்த நிறைவோடு அன்று மதியம் சாப்பிட்டார்.

மூன்றாம் வாரம் இருவருக்கும் கடிதம் வந்தது. ‘இரண்டு பதில்களும் முரண்படுகின்றன. இருபத்தெட்டு நாளுக்குள் விளக்கம் தேவை.’

ஞானதீபத்துக்கு ஓய்வுபெற ஏழு மாதம்தான் இருந்தது. இசக்கியைக் கூப்பிட்டனுப்பினார்.

“ஏட்டி, உன்னை வெள்ளைத்தாளா வச்சிருந்தேன். நீயே மையைக் கொட்டிட்டியே! கேள்வி சரியாப் புரியலன்னு ஒரு வரி எழுதிப் போடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது.”

“புரிஞ்சுதான் மேடம் எழுதினேன்.”

“எனக்கு வாக்குக் குடுத்தியா இல்லையா?”

“குடுத்தேன். நாலு வருசமா நானா யார்ட்டயும் வாய் திறக்கல. இப்போ அவங்க கேக்காங்க.”

“பதிவேட்டுல ஒண்ணுமே இல்லையேட்டி! நான் போட்டது எப்படிப் பொய்யாகும்?”

“இருபத்தொரு நாள் மடிச்சேனே மேடம். அது பயிற்சின்னா, நான் என்னத்தப் படிச்சேன்? நீங்களே சொல்லுங்க.”

“உன் வேலையைக் காப்பாத்தினது நான்” என்றார் ஞானதீபம், மெதுவாக.

“மறக்கல மேடம். அதுக்காகச் செய்யாத தப்பைச் செஞ்சவ மாதிரி ஒளிஞ்சுக்கிடவா?”

இசக்கி விளக்கம் எழுதினாள்: ‘என் பதில் மாறாது. அன்றைய மருந்துச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.’ தேதியும் கட்டில் எண்ணும் கொடுத்திருந்தாள். அதன் நகலை மேட்ரன் மேசையில் வைத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டாள்.

வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தவரைக் காட்டிக் கொடுத்தாள், வாக்கையும் மீறினாள் என்று அவளைச் சொல்லலாம். அவள் நன்மைக்காக அயல்நாட்டுக்குப் பொய் எழுதினார் என்று மேட்ரனைச் சொல்லலாம். இருவரில் யார் செய்தது சரி?

விடை: இசக்கி செய்ததே சரி. பதிவேட்டின் நான்காவது கட்டம் ‘காரணம்’. அதை நிரப்பியிருந்தால் பத்து மடங்கு மருந்தின் கதையும் எழுத்தில் ஏறியிருக்கும். வெற்றுத்தாள் யாரைக் காத்தது என்று இப்போது தெரிகிறதல்லவா? டாக்டரின் பிழையை மூட வாங்கிய வாக்கு, தண்டனை அனுபவித்தவளைக் கட்டாது. சீட்டைப் பார்த்த கவுன்சில் இசக்கியைப் பதிந்துகொண்டது. ஞானதீபத்தின் கையெழுத்தை அதன்பிறகு ஏற்கவில்லை. “அவளுக்காகத்தான் செஞ்சேன்” என்று ஞானதீபம் இன்றும் சொல்கிறார். எனக்கு இதைச் சொன்னவரும் அவர்தான். அதில் பாதி உண்மை என்றே படுகிறது. மீதிப் பாதியைத்தான் இத்தனை வருடமாகக் கேட்கத் துணிவில்லாமல் இருந்தேன். போன மாதம் கேட்டுவிட்டேன்:

“அக்கா, பேசப்பிடாதுன்னு அவகிட்ட வாக்கு வாங்கிட்டு வரச் சொல்லி அன்னைக்கு உங்களை அனுப்பினது யாரு?”