பினாங்கில் கை நனைத்த மாப்பிள்ளை

மந்தப்பட்டி என்று ஓர் ஊர். அறிவைப் பங்கு போட்ட அன்றைக்கு ஊரே குறட்டை விட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது. அந்த ஊர்ச் செவந்தியப்பனுக்கு நாற்பது வயசில் ஒரு பெண் அமைந்தது. அதுவே அதிசயம்! பினாங்கில் இருக்கும் தாய்மாமனை நேரில் அழைக்காவிட்டால் மரியாதையில்லை என்று, ஒச்சப்பன், மூக்கன் என்ற மச்சான்மார் இருவரையும் கூட்டிக்கொண்டு கப்பலேறினான். கையில் இருந்த விலாசம், “பினாங்கு, மாமா.” அவ்வளவுதான்.

இரண்டு நாள் எதிரே வந்தவரையெல்லாம் நிறுத்தி, “நீங்க என் மாமாவா?” என்று கேட்டான் அந்தப் புத்திசாலி. சீனர்களைக்கூட விடவில்லை. மாமாவும் கிடைக்கவில்லை, சோறும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு ஊருக்குக் கப்பல். அதை விட்டால் அடுத்த கப்பல் ஒரு மாசம் கழித்து. முகூர்த்தமோ பதினைந்தே நாளில். பெண் கைநழுவிப் போய்விடுமே என்று செவந்தியப்பன் நடுத்தெருவில் நின்று புலம்பினான்.

அன்று மத்தியானம் சன்னாசி என்பவர் தமிழ்க் குரல் கேட்டு நின்றார். முன்பின் தெரியாத மனுஷன். பாவம், நல்ல மனுஷன்.

“அட, நம்ம ஊர் ஆளுங்களா! வாடிப்போயிருக்கீங்களே. வீட்டுக்கு வந்து கை நனைச்சிட்டுத்தான் போகணும்.”

போனார்கள். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது. மூவரும் வரிசையாக முழங்கை வரை முக்கி எடுத்து, “ரொம்பத் திருப்திங்க” என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்கள். பசியில் செவந்தியப்பனுக்குக் கண்ணே இருட்டியது.

“பெரிய மனுஷங்க விருந்து இப்படித்தான் போல, மச்சான்,” என்றான்.

சன்னாசி ஓடிவந்து இழுத்தார். “சாப்பிடத்தாங்க கூப்பிட்டேன்! இலை போட்டாச்சு, உட்காருங்க.”

உட்கார்ந்தார்கள், இலையின் மேல். அவர் தலையில் அடித்துக்கொண்டு வேறு இலை போட்டார். “கூச்சப்படாம வயிறு முட்டச் சாப்பிடுங்க.”

“எதுல முட்டணும்?” என்றான் மூக்கன்.

“சுவத்துல முட்டலாமா?” என்றான் ஒச்சப்பன்.

செவந்தியப்பன் யோசித்தான். “வேணாம். சுவரு அவரோடது, இடிஞ்சா பாவம். வயிறு நம்மளோடதுதானே?”

ஆளுக்கொரு கவளம் சாப்பிடுவதும், எழுந்து வயிற்றோடு வயிறு முட்டுவதுமாக விருந்து நடந்தது. மூக்கன் ரசச் சட்டியில் விழுந்தான்.

மணி மூன்று. “கப்பலுக்கு நேரமாச்சு, போயிட்டு வாங்க,” என்றார் சன்னாசி.

தெருமுனை வரை போய்விட்டு வந்தார்கள். “வந்துட்டோங்க.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். “நல்லபடியா போயிட்டு வாங்க!”

முதல் தடவை சரியாகப் போகவில்லை என்று அவர்களுக்கே வெட்கமாகிவிட்டது. இந்தத் தடவை துறைமுகம் வரை ஓடி, கப்பலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். செவந்தியப்பன் தயங்கினான்.

“மச்சான், ஏறிடலாமா? பொண்ணு காத்திருக்குமே.”

“சோறு போட்ட மனுஷன் வாங்கன்னு சொல்லியிருக்காரு, மாப்பிள்ளை. வராம இருந்தா நன்றிகெட்டத்தனம்,” என்றான் ஒச்சப்பன்.

மூவரும் மூச்சு இரைக்க இரைக்க வந்து நின்றதைப் பார்த்ததும் சன்னாசிக்குப் பொறுமை அறுந்தது.

“ஐயா சாமிகளா, போங்க! போய்த் தொலைங்க!”

செவந்தியப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. “சோத்தைப் போட்டு, போன்னு சொல்லிட்டாரே! இவர் மன்னிப்புக் கேக்காம இங்கேருந்து ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்,” என்று நடுக்கூடத்தில் சம்மணம் போட்டான்.

அப்போது துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதியது. “போஓஓஓ...!”

“கேட்டியா, மாப்பிள்ளை? கப்பலும் போங்குது!” என்று துள்ளினான் மூக்கன்.

“இவ்வளவு திமிரா? இனிமே அதுல எவன் ஏறுவான்?” என்றான் செவந்தியப்பன்.

“அப்ப கல்யாணம்?”

“பொண்ணை இங்க அனுப்பச் சொல்லிக் கடுதாசி போடுவோம்.” சன்னாசியிடமே பேனாவைக் கேட்டு வாங்கி ஒச்சப்பனிடம் நீட்டினான். “விலாசத்தை மட்டும் தெளிவா எழுது, மச்சான். அந்தப் புள்ளையும் நம்மளை மாதிரி தெருத்தெருவா அலையக் கூடாது.”

ஒச்சப்பன் நாக்கைத் துருத்திக்கொண்டு முத்து முத்தாக எழுதினான்: “பினாங்கு, மாப்பிள்ளை.”