நடுத்தண்ணியில ஒரு சம்மதம்

"எல்லாரும் சம்மதம்னு அழுத்திட்டாங்க. அப்புறம் எங்க மேல என்ன தப்பு இருக்கு மேடம்?"

எபினேசர் இப்படிக் கேட்டது பழவேற்காட்டு ஏரிக்கரையில, காலங்காத்தால. கம்ப்யூட்டர் கம்பெனியில பெரிய இன்ஜினியர். அம்பது வயசு தாண்டியாச்சு. குருன்னு அவர் தேடி வந்த மெஹருன்னிசாவுக்கு முப்பதுதான் இருக்கும். குருன்னா தாடி இருக்கணும்னு யாரு சொன்னா?

மெஹரும் முன்னாடி அதே வேலைதான் பாத்தா. ஒரு நாள் விட்டுட்டு ஊருக்கு வந்துட்டா. ஏன்னு கேட்டா தன் பூனையைக் காட்டுவா. அந்தப் பூனை கதை தனி. மீன்காரம்மா கூடைக்குள்ளயே படுத்துத் தூங்கும், ஒரு மீனைத் தொடாது. ஏரிக்கரையில இப்படி ஒரு பூனையா! சரி, அது கெடக்கட்டும்.

சங்கதி இதுதான். கடலுக்குப் போறவங்களுக்குக் காத்தையும் அலையையும் சொல்ற ஆப் ஒண்ணு எபினேசர் செஞ்சிருந்தாரு. பச்சை காட்டுனா போகலாம். சிவப்பு காட்டுனா போகக்கூடாது. சிக்னல் இல்லாத எடத்துல மட்டும், நேத்து காட்டுன நெறத்தையே இன்னிக்கும் காட்டிக்கிட்டு நிக்கும்.

"அதையும் நிபந்தனையில எழுதிட்டோம் மேடம்."

"எங்க?"

"உள்ள... கொஞ்சம் கீழ இறங்கிப் போகணும்."

மெஹர் கரையில கட்டியிருந்த படகோட கயித்தை அவுக்க ஆரம்பிச்சா.

கடலுக்குப் போறவங்ககிட்ட சம்மதம் வாங்கியாச்சு, அன்னிக்குச் சாயங்காலம் அந்த ஆப் எல்லார் போன்லயும் ஓட ஆரம்பிக்கும். நிறுத்தணும்னா அவர் ஒருத்தரு சொன்னா போதும். அதுக்கு நடுவுல, இப்படி ஆப் செய்யறவங்க எப்படி நடந்துக்கணும்னு விதி எழுதற பொறுப்பையும் கம்பெனி அவர் தலையிலயே கட்டியிருந்துச்சு. முதல் விதியை எழுதிட்டாரு: 'கேக்காம யாருக்கும் எதையும் செய்யாதே.' நல்ல விதிதான். அதுக்கு மேல ஒரு வரி ஓடல.

மெஹர் கழியை எடுத்தா. "வாங்க சார், பூநாரை பாத்துட்டு வரலாம்."

"எனக்கு நீச்சல் தெரியாதே."

"படகு எங்க மாமுவோடது சார். அவர் நிக்காஹுக்கு ஊரே இதுல மாத்தி மாத்தி வந்துச்சு, பிரியாணி அண்டாவுக்கு மட்டும் தனியா ஒரு நடை. அந்தப் பக்கம் உக்காராதீங்க, மீன் வாடை அடிக்கும். மூணாவது பலகைக்கு அடியில விரிசல் இருக்கு, நடுவுல தண்ணி வரும். பறவையைப் பாத்துக் கை தட்டாதீங்க, எல்லாம் பறந்துடும். தொப்பி இருந்தா போட்டுக்கங்க. சம்மதமா?"

எபினேசர் போன்ல விதியைத் திருத்திக்கிட்டிருந்தாரு.

"சம்மதம், சம்மதம்."

படகு நகந்துச்சு.

கரை மங்கிப் போச்சு. தண்ணியும் வானமும் ஒரே துணியாட்டம் கெடந்துச்சு. தூரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு. பறவைக் கூட்டம். அது நிக்குதா நடக்குதான்னு தெரியல. கழி தண்ணியில இறங்குற சத்தம் மட்டும் யாரோ தாலாட்டுறாப்பல கேட்டுச்சு.

சிக்னல் போனது அவருக்குத் தெரியல. கண்ணு சொருகிச்சு. கவலையெல்லாம் வேற யாரோடதோ மாதிரி எங்கயோ மிதந்துச்சு.

அப்புறம் காலு சில்லுன்னுச்சு.

"மேடம், ஷூ நனையுது."

ஷூ புதுசு. மக பொறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தது. காலைக் கடிக்கும். அவகிட்ட சொல்ல மனசு வராம, பாவம், தினம் அதையேதான் போட்டுக்கிட்டிருந்தாரு.

"ஆமா சார். நனையும்."

"ஐயோ, தண்ணி உள்ள வருது!"

"மூணாவது பலகை. சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"பிரியாணிக்கும் பறவைக்கும் நடுவுல. நீங்க சம்மதம்னீங்க."

தண்ணி கணுக்காலைத் தொட்டுச்சு. எபினேசர் ரெண்டு கையாலயும் படகு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டாரு.

"நான் ஆயிரம் சம்மதம் சொல்லுவேன்! விரிசல் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல? தெரிஞ்சுக்கிட்டே எப்படி என்னை ஏத்த..."

தான் சொன்னது அவர் காதுலயே விழுந்துச்சு.

மெஹர் கழியை நேரா ஊனிக் காட்டினா. பாதிகூட முழுகல.

"பயப்படாதீங்க சார். இங்க இடுப்பளவுதான். இறங்கி நடந்தே போயிடலாம்."

எபினேசர் இறங்கல. ஏரி கடல்ல சேர்ற முகத்துவாரத்துப் பக்கம் பாத்தாரு. படகுங்க புள்ளி புள்ளியா கடலுக்குள்ள போய்க்கிட்டிருந்துச்சு.

போனை எடுத்தாரு. ஒரு கோடுகூட இல்ல.

ஷூவைக் கழட்டினாரு. அதாலயே தண்ணியை மொண்டு மொண்டு வெளிய ஊத்த ஆரம்பிச்சாரு.

"கழியை ஊனித் தள்ளுங்க மேடம், சீக்கிரம்! சாயங்காலத்துக்குள்ள நிறுத்தச் சொல்லணும். எந்தப் பக்கம் போனா சிக்னல் கிடைக்கும்?"