ஷஃபான் மாதத்து விசாரிப்பு

"ஆலிம்சா, இந்த வருஷ நோன்பாவது எனக்கு நோன்பா அமையணும். அதுக்கு இப்பவே என்ன ஓதணும், சொல்லுங்க."

கேட்டவர் உதுமான் நெய்னார். கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கிறவர். ஐம்பது வயதைத் தொட்டுவிட்டார். கேட்கப்பட்டவர் சலாஹுத்தீன் ஆலிம். பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்தவர், உதுமான் நெய்னாரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

ஆலிம் அப்போது, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் தொட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். ரமளானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டுப் பாசியைத் தேய்ப்பது அந்த ஊர் வழக்கம். ஆள் வருகிற வரைக்கும் காத்திருக்கப் பொறுக்காமல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே இறங்கிவிட்டார்.

"போன வருஷம் என்ன ஆச்சு காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

ஒன்றும் ஆகவில்லை. அதுதான் உதுமான் நெய்னாரின் குறை.

ஒரு நோன்பைக்கூட அவர் விடவில்லை. இரவுத் தொழுகையான தராவீஹ் ஒன்றுகூடத் தப்பவில்லை. குர்ஆனை மூன்று தடவை ஓதி முடித்தார். பெருநாளன்று பார்த்தால் உடம்பு இளைத்திருந்தது, உள்ளம் மட்டும் நோன்புக்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

பெருநாள் கழிந்து கொஞ்ச நாளில் அவருடைய அண்ணன் மௌத்தாகிவிட்டார். மையத்தை அடக்கிவிட்டுத் திரும்பியதிலிருந்து உதுமான் நெய்னாருக்கு ஒரே பயம். இத்தனை வருஷம் பட்டினி கிடந்தோமே, அதில் ஒரு நாளாவது அல்லாஹ்விடம் போய்ச் சேர்ந்திருக்குமா?

மனிதர் பொய் சொல்லவில்லை.

ஆலிம் தேய்ப்பதை நிறுத்தினார்.

"உங்க வீட்ல, கடையில உள்ளவங்க எல்லாம் நோன்புக்கு எப்படித் தயாராவாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும் ஆலிம்சா?"

"கேட்டுட்டு வாங்க. கேக்குறதோட சரி. திருத்தாதீங்க, கோவப்படாதீங்க. ஓதுறதை அப்புறம் சொல்றேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து தேய்க்க ஆரம்பித்தார்.

உதுமான் நெய்னாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. யாருக்கும் தெரியாத துஆ ஏதாவது கிடைக்கும் என்று வந்தவர் அவர். ஆனாலும் நடக்க நடக்க, உண்மையிலேயே மற்றவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

கடையில் வேலை பார்க்கும் மாடசாமி கயிறு அளந்துகொண்டிருந்தான். நோன்புக்கும் மாடசாமிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றத்தான் செய்தது. எல்லாரையும் கேட்கச் சொல்லியிருக்கிறாரே, கேட்டு வைப்போம் என்று கேட்டார்.

மாடசாமி முதலில் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். முகம் சாந்தமாக இருந்தது.

"நானும் தயாராவேன் மொதலாளி. முன்னால நின்னு பாக்குற வேலைய எல்லாம் இந்த மாசமே முடிச்சிருவேன். நோன்பு முடியிற வரைக்கும் பின்னால சரக்குக் கிட்டங்கியிலயே இருக்கிற மாதிரி வேலைய ஒதுக்கி வச்சுக்குவேன்."

உதுமான் நெய்னாருக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. நோன்பாளிக்கு முன்னால் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கக் கூச்சப்படுகிறான், எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டார். அப்படியே அதை அவனிடம் சொல்லவும் செய்தார். மாடசாமி தலையைக் குனிந்து கயிற்றை அளந்தான்.

இந்த நெகிழ்ச்சியோடுதான் மத்தியானம் வீட்டுக்கு வந்தார். மனைவி ஜெய்னம்பு அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, பீங்கான் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பழைய செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்தப்பட்டிருந்தன.

நோன்புக்கு என்ன தயாரிப்பு என்று அவளையும் கேட்டார். கஞ்சிக்கு அரிசி உடைக்கக் கொடுத்தாயிற்று, பாசிப்பருப்பு வாங்கியாயிற்று என்றாள். பீங்கானை ஏன் கட்டி வைக்கிறாய், விருந்தாளி வந்து போகிற மாதத்தில்தானே அது வேண்டும் என்றார்.

அவள் கடைசிக் கோப்பையையும் சுற்றி முடித்தாள்.

"எவர்சில்வர்னா உடையாதுல்ல."

அவருக்கு விளங்கவில்லை. ஜெய்னம்பு கை தவறி எதையும் போட்டு உடைக்கிறவள் இல்லை. பிறகு, போன நோன்பில் ஒரு கோப்பை உடைந்தது நினைவுக்கு வந்தது. பகலெல்லாம் பீடியும் இல்லை, டீயும் இல்லை. நோன்பு திறந்ததும் வந்த முதல் டீ ஆறிப்போயிருந்தது. அந்தக் கோப்பை எந்தச் சுவரில் பட்டு உடைந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் நினைக்க அவருக்குப் பிடிக்கவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனார்.

கூடத்தில் அவருடைய கடைசி மகள் முபீனா நடந்துகொண்டிருந்தாள். எட்டு வயது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும், மறுபடி அங்கிருந்து இங்கே. விரல் நுனியில் நடந்தாள். கொலுசைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"என்ன விளையாட்டும்மா இது?"

"விளையாட்டு இல்ல வாப்பா. பழகுறேன்."

"என்ன பழகுறே?"

"சத்தம் வராம நடக்க. நோன்பு வருதுல்ல."



பிள்ளை பெருமையாகச் சொன்னது. "போன நோன்புல எனக்குச் சரியா வரல வாப்பா. இப்ப நல்லா வருது. நடந்து காட்டவா?"

காட்டினாள். உண்மையிலேயே ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சுவரைத் தொட்டுத் திரும்பி, நல்லா இருக்கு என்று வாப்பா சொல்வார் என எதிர்பார்த்து நின்றாள்.

ரமளானில் தன் வீட்டில் இருக்கும் அமைதியைப் பற்றி உதுமான் நெய்னார் வெளியில் பெருமையாகப் பேசுகிறவர். ஊசி விழுந்தால் கேட்கும், அப்படி ஒரு பரக்கத், இறைவன் அருள் என்பார். இப்போது மகளின் கையிலிருந்த கொலுசைப் பார்த்தார்.

"கொலுசைப் போட்டுக்கிட்டு ஓடும்மா. நான் பாக்குறேன்."

முபீனா ஓடவில்லை. அவரையும் பார்க்கவில்லை. வாசல்படியில் வந்து நின்ற உம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கொலுசை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அவருக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளை பயந்துவிடப் போகிறாளே என்று அதையும் அடக்கிக்கொண்டு வெளியே இறங்கினார்.

சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து எல்லாரும் போன பிறகு ஆலிமுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். ஓதுவதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"விசாரிச்சீங்களா காக்கா?" என்றார் ஆலிம்.

"விசாரிச்சேன்."

"எல்லாரும் தயாராயிட்டாங்களா?"

"ஆயிட்டாங்க. கடையில ஆயாச்சு, வீட்ல ஆயாச்சு. எட்டு வயசுப் புள்ளகூட ஆயிருச்சு."

"நோன்புக்குத்தானே?"

உதுமான் நெய்னார் தலையை நிமிர்த்தவே இல்லை.

"இல்ல ஆலிம்சா. எனக்கு."