இட்லிக்கு எத்தனை பூஜ்ஜியம்

“இந்த ஜனங்களுக்குப் பூஜ்ஜியம் எண்ணத் தெரியலம்மா” என்றார் சபாநாயகம்.

பூரணி அம்மா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சேவற்குன்றத்து அடிவாரத்தில் யாத்ரீகர்களுக்குச் சோறு போடும் சத்திரம் அது. நடத்துவது பூரணி அம்மா. வயது நாற்பத்திரண்டு. சீடர் சபாநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. வங்கியின் கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் இருந்துவிட்டு, ஞானம் தேடி வந்தவர். ஞானத்தைப் பற்றி அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. கேள்வியோடு வருகிறவர்களிடம் வேலை வாங்குவதோடு சரி.

“எண்ணத் தெரியாதவங்க யாரு?” என்று கேட்டார்.

“மருதாயி” என்றார் சபாநாயகம். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

கதையை இங்கே கொஞ்சம் பின்னால் இழுக்க வேண்டும்.

அடிவாரக் கடைத்தெருவில் நாற்பது கடைகள். அங்கே தீராத தொல்லை சில்லறை. யாத்ரீகர் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார், கடைக்காரர் வானத்தைப் பார்ப்பார். இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று ஆறு மாதத்துக்கு முன் கிளம்பினார் சபாநாயகம். சுடர் என்று ஒரு டிஜிட்டல் காசு எங்கெங்கோ புழங்குகிறது. கையில் பிடிக்க முடியாது. போனிலேயே வரும், போனிலேயே போகும். அதை வாங்கவும் கொடுக்கவும் ஒரு செயலியைத் தானே எழுதி, நாற்பது கடைக்காரர்கள் போனிலும் ஏற்றிவிட்டார். நல்ல காரியம்தான்.

ஒரே ஒரு சங்கடம். ஒரு முழுச் சுடர் இருபது லட்சம் ரூபாய்.

அதனால் மருதாயி கடையில் ஒரு தட்டு இட்லி, முப்பது ரூபாய் இட்லி, போனில் 0.000015 சுடர் ஆனது. புள்ளிக்கு அப்புறம் நாலு பூஜ்ஜியம், பிறகு பதினைந்து. போன கிருத்திகை அன்று கூட்டம் நெரிய, மருதாயி விலையை அடிக்கும்போது ஒரு பூஜ்ஜியம் கூடிவிட்டது. அன்றைக்கு முழுக்க அவள் இட்லி தட்டு மூன்று ரூபாய்க்குப் போனது. மலைக்கு வந்தவர்கள் இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று வெளுத்து வாங்கினார்கள். சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது.

மருதாயி கடையின் ரொக்க வியாபாரம் அரிசிக்கும் உளுந்துக்கும் சரியாகப் போய்விடும். சுடரில் வருவது மகளின் நர்சிங் படிப்புக்கு. அந்தப் பணத்தை அவள் ஒருநாளும் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தைந்தாயிரம் கட்ட வேண்டும். கட்ட வழியில்லை என்று கடையையே ஒரு பரோட்டாக் கடைக்காரருக்குக் கைமாற்றிவிடப் பேசி முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை அவர் முன்பணத்தோடு வருகிறார்.

அதைக் கேள்விப்பட்டு ஓடிப்போய் நின்ற சபாநாயகத்திடம் அவள் ஒன்றுதான் சொன்னாள்.

“ஆறு மாசமா ஆவியில வெந்தேன் சார். ரெண்டு பைசா நிக்குது.”

வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். ஒன்பது வருஷமாகத் தினம் காலை அவள் கடையில் சாப்பிட்ட மனிதர். அன்றிலிருந்து அந்தப் பக்கமே போகவில்லை. குற்ற உணர்ச்சி நெஞ்சை அடைத்தது. அடைத்தால் மனிதனுக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தோடுதான் புதன்கிழமை காலை சத்திரத்துக்கு வந்திருந்தார்.

“நாலு பூஜ்ஜியம். அஞ்சு இல்ல, நாலு. எழுதியே ஒட்டி வச்சேன்” என்றார்.

பூரணி அம்மா முருங்கைக்காயை ஓரமாக ஒதுக்கினார்.

“நூறு கிராம் பச்சை மிளகாய் வேணும். வாங்கிட்டு வாங்க.”

சபாநாயகம் எழுந்தார்.

“கடையில கிராம்னு சொல்லக் கூடாது. கிலோன்னும் சொல்லக் கூடாது. டன்னுலதான் கேக்கணும்.”

காய்கறிக்கடை ராக்கப்பன் முன்பு லாரி லோடுக்குக் கணக்கு எழுதியவர். டன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சபாநாயகம் மனதுக்குள் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டு, பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம் ஒன்று டன் பச்சை மிளகாய் வேண்டும் என்றார். ராக்கப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சத்திரத்துக்குப் போய் வருகிற ஆள், இன்றைக்கு இப்படி ஏதோ என்று நினைத்திருப்பார்.

“ஆயிரத்துல ஒரு பங்கு. ஒரு கிலோ. சரிதானே சார்?”

முப்பத்தொரு வருஷச் சர்வீஸ் முந்திக்கொண்டு பதில் சொன்னது. “சரிதான்.”

தராசுத் தட்டில் மிளகாய் மலை ஏறிக்கொண்டே போனது. பாதியிலேயே சபாநாயகத்துக்கு உறைத்துவிட்டது. ஆனால் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பூரணி அம்மா பையை எட்டிப் பார்த்தார்.

“வீட்ல ஏதும் விசேஷங்களா?”

சபாநாயகம் பையைக் கீழே வைத்தார். அன்று மத்தியானம் வரை உட்கார்ந்து, ஒரு கிலோ பச்சை மிளகாய்க்கும் காம்பு கிள்ளிக் கொடுத்துவிட்டுப் போனார். விரல் எரிந்தது. மருதாயியை நினைக்க நினைக்க அதைவிட அதிகமாக எரிந்தது.

வியாழக்கிழமை காலை முகத்தில் வெளிச்சத்தோடு வந்தார்.

பூஜ்ஜியத்தை ஒழித்துவிட்டதாகச் சொன்னார். சுடரைப் பத்தாக உடைத்தால் ஒரு பெயர், நூறாக உடைத்தால் ஒரு பெயர், ஆயிரத்துக்கு ஒன்று என்று மொத்தம் ஆறு பெயர். வீட்டுக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, புடவைக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று. ராத்திரி தூங்காமல் யோசித்த பெயர்கள். சுடர், கதிர், ஒளிர், மின்னி என்று வரிசையாக ஒப்பித்தார்.

அம்மா முழுவதும் கேட்டார்.

“நல்லா இருக்கு. கடைசியிலிருந்து மொதலுக்குச் சொல்லுங்க.”

சபாநாயகம் ஆரம்பித்தார். மூன்றாவதில் நின்றார். சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தேடினார்.

அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். வெகுநேரம் கழித்து அங்கிருந்தே குரல் வந்தது.

“நம்ம கடைத்தெருவுலயே ரொம்பக் குறைஞ்ச விலைக்கு என்ன கிடைக்கும்?”

நாற்பது கடைக்கும் காசு செய்து கொடுத்தவருக்கு அது தெரியவில்லை.

எழுந்து போனார். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். தீப்பெட்டியா, எலுமிச்சம்பழமா, ஒரு வெற்றிலையா என்று விசாரித்தார். வெற்றிலையை ஒற்றையாக யாரும் விற்பதில்லை என்று தெரிந்துகொண்டார். மருதாயி கடையை மட்டும் எதிர்ச்சாரியில் நடந்து கடந்தார். அவள் இட்லித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விற்கப்போகும் பாத்திரத்தையும் இவ்வளவு பளபளப்பாகத் தேய்க்கிறாளே என்று நினைத்தபடி நடையை எட்டிப் போட்டார்.

திரும்பி வந்தபோது உள்ளங்கையில் ஒரு கட்டி கற்பூரம் இருந்தது. சன்னதிக்குப் போகிறவர்கள் ஒற்றைக் கட்டியாக வாங்குவது. இரண்டு ரூபாய்.

“இதும்மா” என்றார்.

“சுடர்ல என்ன விலை?”

“பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம்…”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். வந்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் கற்பூரத்தின்மேல் மூடினார்.

“இப்ப சொல்லுங்க.”

சபாநாயகம் மூடிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். உலையில் அரிசி கொதிக்கும் சத்தம் கேட்டது.

“ஒண்ணு” என்றார்.

அம்மா கரண்டியை எடுத்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

ஆறு பெயர் எழுதிய காகிதம் அந்த அடுப்பில்தான் போனது. மீதிப் பகல் முழுக்கச் சபாநாயகம் செயலியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சுடர் என்ற சொல்லையே கடைக்காரர்கள் கண்ணில் படாமல் உள்ளே தள்ளினார். புள்ளியைத் தூக்கினார். ஒரு சுடரில் பத்து லட்சம் கட்டி. கற்பூரம் ஒரு கட்டி. டீ ஏழு கட்டி.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மருதாயி கடைக்குப் போனார். பெஞ்சில் தன் பழைய மூலையில் உட்கார்ந்தார். அவள் ஒரு தட்டு இட்லியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சட்னி ஊற்றினாள், ஆனால் கேட்காமலே ஊற்றுகிற இரண்டாவது கரண்டி வரவில்லை.

“போனைக் கொடும்மா” என்றார்.

“எதுக்கு சார். அதையும் எடுத்துட்டுப் போறீங்களா?”

“பழைய கணக்குல ஒண்ணும் மாத்தல. எண்ணுற விதத்தை மட்டும்தான்.”

அவள் போனை மேசைமேல் தள்ளினாள். அவர் புதிய செயலியை ஏற்றி அவள் பக்கம் திருப்பி வைத்தார். இட்லிக்கு நேராகப் பதினைந்து என்று இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு திரையின் மேல்பக்கம் அவள் கண் போனது. அங்கே கையிருப்பு.

“இருபத்தோராயிரத்து நானூறு” என்று படித்தாள். “இது என்ன சார்?”

“கட்டி. ஒரு கட்டி ரெண்டு ரூபா.”

அவர் பெருக்கத் தொடங்கும் முன்பே அவள் சொல்லிவிட்டாள்.

“நாப்பத்திரெண்டாயிரத்து எண்ணூறு ரூபா. யாரு காசு?”

“உங்க காசுதாம்மா.”

“நேத்து வரைக்கும் ரெண்டு பைசா இருந்துச்சே.”

சபாநாயகத்தின் கையில் இட்லி அப்படியே நின்றது. 0.0214 என்று அந்த இடத்தில் இருந்திருக்கும். முன்னால் ஒரு பூஜ்ஜியம், புள்ளி, பிறகு ஒரு பூஜ்ஜியம், ஒரு இரண்டு. ரூபாய் எண்ணிப் பழகியவள் பூஜ்ஜியம் ரூபாய், இரண்டு பைசா என்று படித்திருக்கிறாள். அவள் அவரைத் திட்டவே இல்லை. திரையில் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறாள். கிருத்திகை அன்று நடந்த ஒருநாள் தவறு எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டது என்று நம்பி, கடையைக் கொடுக்கத் துணிந்துவிட்டாள்.

“இது எப்ப சார் வந்துச்சு?”

“வரலைம்மா. இருந்தது.”

அதைச் சொன்ன கணத்தில், சத்திரத்தில் ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த ஏதோ ஒரு கேள்வி, என்ன கேள்வி என்றே மறந்துபோனது. கண்ணில் நீர் வந்தது. சட்னிக் காரம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

மருதாயி புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கரண்டியை எடுத்து அவர் தட்டில் இரண்டாவது முறை சட்னி ஊற்றினாள்.

வாசலில் நிழல் விழுந்தது. பரோட்டாக் கடைக்காரர், கையில் மஞ்சள் பையோடு. முன்பணம் கொண்டுவந்திருப்பதாகவும் சாவியை வாங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டார்.

மருதாயி கொப்பரை மூடியைத் திறந்தாள். ஆவி கூரை வரை எழுந்தது.

“உக்காருங்கண்ணே” என்றாள். “ஒரு தட்டு பதினஞ்சு கட்டி.”